விளிம்பில் வளர்ந்த இசைத்தட்டு

தூத்துக்குடி நங்கூரத் தெருவில், பழைய ஐஸ் கம்பெனியின் மாடியில் ஞாயிறுதோறும் கூடிய கேட்போர் வட்டத்தில், செலஸ்தினா டீச்சருடைய இசைத்தட்டு வளரத் தொடங்கியிருப்பதை முதலில் கவனித்தவர் செலஸ்தினா டீச்சர்தான். பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை வடிவியல் நடத்தியவர் அவர். ஒரு வட்டம் பெரிதாகியிருப்பதைக் கண்டுகொள்ள அவருக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. கேட்டு முடித்த தட்டை உறைக்குள் செருகினார், அது போகவில்லை. திருப்பிச் செருகினார், அப்போதும் போகவில்லை. உறையை மேசைமேல் வைத்துவிட்டு, வட்டத்தின் செயலாளரும் தம்முடைய காலஞ்சென்ற கணவரின் தம்பியுமான கஸ்பாரைக் கூப்பிட்டார்.

"கஸ்பார், இதக் கொஞ்சம் பாரும்."

"உறை சுருங்கியிருக்கும் மைனி. மழைக்காலம்லா."

"உறை அட்டையில செஞ்சது. நனைஞ்சா உப்பும், சுருங்காது."

"அப்போ தட்டு வளந்துட்டுன்னு சொல்லுதியளா?"

"ஆமா."

கஸ்பார் தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பில் ஒரு நெல்லளவு அகலத்துக்குப் புதிதாக மினுங்கிய வளையத்தைப் பார்த்தார். சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, கடல் கடந்து வரும் எதையும் அது என்ன பெயரில் வருகிறது என்று மட்டுமே பார்த்துப் பழகியவர். "அப்போ பெரிய உறை வேணும்," என்று சொல்லிவிட்டு, அலமாரியில் காலண்டர் அட்டை தேடப் போனார்.

அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் பாட்டு கேட்பவர்கள் அல்லர். பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், டீக்கடை வாசலில் நின்றுகொண்டே கேட்கலாம் என்பது அவர்களுடைய கட்சி. அவர்கள் சேர்த்தது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருவதை. கதாநாயகி தந்தியைப் பிரிக்கும்போது எழும்பும் வயலின்களை, வில்லன் படியேறும்போது அவனுக்கு முன்னே ஏறிப் போகும் பறையை, அழுகிறவளுக்குப் பின்னால் நின்று யாருக்கும் தெரியாமல் தானும் அழும் ஒற்றைக் குழலை, படம் பார்த்து வெளியே வந்த எவரும் கேட்டதாக நினைவில் வைத்திராத இசையை. ஒரு படத்துக்காக வாசிக்கப்பட்ட அத்தகைய இசையில் பாதிகூடத் தட்டாக வெளிவராது; இடமில்லை என்பார்கள், யாருக்கு வேண்டும் என்பார்கள். பல ஆண்டுகள் கழித்து எங்காவது ஓர் ஆர்வலர், மூல நாடாக்களைத் தேடியெடுத்து, பூசணம் துடைத்து, விடுபட்ட துண்டுகளைக் காட்சி வரிசைப்படி கோத்து, விரிவான பதிப்பு என்று வெளியிடுவார். அதற்காக இவர்களைப் போன்றவர்கள், பெண்ணுக்கு வரன் வரக் காத்திருப்பதைப் போல் காத்திருப்பார்கள். வந்த பிறகு, வரனிடம் காண்பதைப் போலவே அதிலும் குறை காண்பார்கள்.

வட்டத்துக்கு விதி ஒன்றுதான், வகுத்தவர் கஸ்பார். தட்டில் ஊசியை வைத்துவிட்டால், அந்தப் பக்கம் முடியும்வரை அதை எவரும் எடுக்கக் கூடாது. பிடித்த துண்டுக்குத் தாவுவதும் கூடாது, பிடிக்காததைத் தாண்டுவதும் கூடாது. முழுதாக வந்ததை முழுதாகக் கேட்க வேண்டும். ஒருமுறை லியோன் ஓடாவிக்கு நடுவில் நெஞ்சுவலி வந்தபோது அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடியிறங்கினார்களே தவிர, ஊசியை எடுக்கவில்லை. தோணி கட்டும் தச்சரான அவர் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஊசிய எடுத்துட்டியளாடே?" என்பதுதான். இல்லை என்றதும் மறுபடி கண்ணை மூடி நன்றாகத் தூங்கினார்.

வளர்ந்த தட்டு 'மூன்றாம் கலங்கரை' என்ற படத்தினுடையது. படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. ஒரு கலங்கரை விளக்கக் காவலன், அவன் மனைவி, கரை ஒதுங்கிய ஓர் அந்நியன் என்று கதை. முடிவில் காவலன் கடலோடு போக, மனைவி தனியாக விளக்கேற்றி, சுழல் படிகளில் இறங்கி வருவதாக எழுதியிருந்தார்கள். அந்த இறக்கத்துக்கு வார்த்தைகளற்ற ஒரு பெண் குரல் வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்டிருந்தார். அன்றைக்கு வர வேண்டிய பாடகிக்குக் காய்ச்சல். கோரஸ் பாடுவதற்காகத் தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்திருந்த கோயில் பாடகர் குழுவில், மூன்றாம் வரிசையில் நின்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அவர் கையசைத்து முன்னால் கூப்பிட்டார். அந்தப் பெண் செலஸ்தினா. அவர் ஒரே ஒரு முறை பாடினார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த இசையமைப்பாளர் தலையை ஆட்டினார். அது நன்று என்ற ஆட்டமா, போதும் என்ற ஆட்டமா என்பது தெரிவதற்குள் அடுத்த துண்டுக்கு வாத்தியக்காரர்கள் தாளைத் திருப்பிவிட்டார்கள்.

படம் வெளிவந்தபோது காவலன் சாகவில்லை. நீந்திக் கரையேறினான். படியிறங்கும் காட்சி இல்லை, குரலும் இல்லை. முடிவை மாற்றியதால் குரல் போயிற்றா, குரல் சரியில்லாததால் காட்சியை வெட்டும்போது யாருக்கும் வருத்தமில்லாமல் போயிற்றா என்பதைக் கேட்கச் செலஸ்தினாவுக்கு ஆள் இல்லை. நங்கூரத் தெருவோ, அவர் பாடினார் என்பதையே நம்பவில்லை. "சினிமால பாடின டீச்சர்" என்று சிறு பிள்ளைகள்கூடப் பின்னால் சொல்லிச் சிரித்தார்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டார். நம்பாதவர்களை நம்பவைப்பது அவருடைய நோக்கமாக இருந்ததில்லை. அவர் அறிய விரும்பியது ஒன்றுதான்: அன்றைக்குத் தாம் சரியாகப் பாடினோமா, இல்லையா. தம்முடைய குரலை அவர் தலைக்குள்ளிருந்து மட்டுமே கேட்டிருந்தார், வெளியிலிருந்து கேட்டதில்லை. அதற்காகவே பின்னணி இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார், அதற்காகவே வட்டத்தில் சேர்ந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் 'மூன்றாம் கலங்கரை'யின் விரிவான பதிப்பை வெளியிட்டபோது, முதல் ஆளாகப் பதிவு செய்தார். தட்டு வந்தது. தெளிவான ஒலி, கனமான தட்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசித் துண்டு காவலன் நீந்திக் கரையேறுவது. இறுதிச் சுருளின் மிச்சம் கெட்டுப்போய்விட்டதாக உறையின் பின்புறத்தில் ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள்.

ஆகவே, தட்டு வளர்கிறது என்றதும் அவருக்கு ஏற்பட்டது வியப்பன்று, கணக்கு. விடுபட்டவை வந்து சேர்கின்றன; எனவே, விடுபட்டதும் வரும்.

முதல் பக்கத்தில் புதிய இசை வந்தது. ஆனால், தட்டு வளர்வது வெளி விளிம்பில். ஊசி புறப்படுவதும் வெளி விளிம்பில். அதனால், புதிதாக முளைத்த இசையெல்லாம் பழைய தொடக்கத்துக்கு முன்னால் போய் நின்றது. முதல் வாரம் எழுத்து ஓடுவதற்கு முந்தைய விடியற்காலைக்கான இசை வந்தது. அடுத்த வாரம் அந்த விடியற்காலைக்கு முந்தைய இரவு வந்தது. பிறகு காவலன் சிறுவனாக இருந்தபோது பட்டம் விட்ட மாலை, பிறகு அவன் தாய்க்குக் கல்யாணம், பிறகு கலங்கரைக்குக் கல்லுடைத்தவர்களின் கை ஓசை ஏறி இறங்கும் நீண்ட துண்டு, பிறகு கலங்கரை இல்லாத காலத்தில் பாறையில் மோதி உடைந்த கப்பல்கள், பிறகு கப்பலும் இல்லாத கடல் என்று, எழுதப்படாத காட்சிகளுக்கும் எடுக்கப்படாத காட்சிகளுக்கும் உரிய இசை, அதே வாத்தியக்காரர்களின் அதே மூச்சோடு, வாரம் ஒரு வளையமாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. எந்தக் காட்சிக்கான இசை என்று யாரும் சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் சொன்னார்கள். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் வளர்ந்ததோ வழவழப்பான வெறும் விளிம்பு. அங்கே பழைய கோடுகள் பழைய இடத்தில் தொடங்கி, பழைய இடத்தில் முடிந்தன.

தெரு இதைத் தன் போக்கில் ஏற்றுக்கொண்டது. சுழல்மேடைக்கு மேல் தட்டு துருத்திக்கொண்டு நின்றபோது, லியோன் ஓடாவி வேம்புப் பலகையில் ஒரு பெரிய சக்கரம் இழைத்து, மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டாரை அடியில் பொருத்தி, தோணிக்குப் பாய்மரம் சீவும் கவனத்தோடு ஊசிக்கு ஒரு நீண்ட கை செய்து கொடுத்தார். தட்டு மேசையைத் தாண்டியபோது மேசையை எடுத்துவிட்டுத் தரையிலேயே அமைத்தார்கள். மாடியின் கதவைத் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும், முன்யோசனையாக ஜன்னலைச் சுவரோடு பெயர்த்து, கப்பிக் கயிற்றில் தட்டைக் கட்டி, கீழே ஐஸ் பாளங்கள் வைத்திருந்த பெரிய கூடத்துக்கு இறக்கினார்கள்; இறங்கும்போது வெயில் பட்டு வளைந்துவிடக் கூடாது என்று பெண்கள் நான்கு பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மின்சாரம் போன நாட்களில் ஆட்கள் முறைவைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கை சும்மா இருந்ததால், சுற்ற வந்தவர்கள் அதிகமாகி, கடல் தளர்ந்து தளர்ந்து ஒலிப்பதற்குப் பதிலாக ஓட்டமாக ஓடிற்று.

காவலனின் தாய்க்குக் கல்யாணமான துண்டு தெருவின் கல்யாணங்களுக்கு வழக்கமாயிற்று. கப்பல் உடையும் துண்டு கேட்கத் தொடங்கியதும் மீன் ஏலத்தை ஆரம்பிப்பது என்றும், அது முடியும்போது ஏலம் படிந்துவிட வேண்டும் என்றும் வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். இழுத்தடிப்பவர்கள் அதனால் தெருவில் குறைந்தார்கள். கல்லுடைக்கும் துண்டில் உப்பளத்துப் பெண்கள் வரப்பு மிதித்தார்கள். பங்குச்சாமியார் முதலில் பூசை நேரத்தோடு மோத வேண்டாம் என்று அறிவித்தார், பிறகு பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார், பிறகு தாமே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கருவாடு விற்கும் இன்னாசியம்மா ஒருத்திதான் குறை சொன்னவள்.

"ஏ கஸ்பாரண்ணே, ஒம்ம தட்டுல அந்தப் பெரிய மோளம் வரும்போது எங் கருவாடெல்லாம் ஓலக் கொட்டான்ல கெடந்து துள்ளுதுய்யா. உசிரோட இருக்குன்னு ஒருத்தரும் வாங்க மாட்டேங்கான்."

"உசிரோட இருக்குன்னா கூட வெல சொல்லேன்ளா."

"சொல்லிப் பாத்தேன். வீட்டுக்குக் கொண்டு போனதும் துள்ளலன்னு திருப்பிக் கொண்டாந்துட்டான்."

கஸ்பாரிடமும் அதே பதிப்பின் ஒரு பிரதி இருந்தது. மேலே சுற்றிய கண்ணாடித்தாளை அவர் பிரித்ததில்லை, பிரிக்கப்போவதுமில்லை. அது வந்த நாளில் இருந்த அளவிலேயே இருந்தது. "அசல் இதுதான்," என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். "அங்க சுத்துறது அற்புதம். அற்புதத்துக்கு நம்பர் போட்ட பிரதி மாதிரி மதிப்பு கெடையாது." ஆயினும், சுழலும் தட்டை அவரைப்போல் காத்தவர்கள் இல்லை. ஒட்டடை படாமல் மேலே துணிப்பந்தல் கட்டியது அவர். ஊசியைத் தவிர வேறெதுவும் தட்டைத் தொடக் கூடாது என்று கயிறு கட்டியது அவர். நடுவில் ஒட்டியிருந்த, படத்தின் பெயரும் பக்கத்தின் எண்ணும் அச்சிட்ட வட்டக் காகிதத்தை வாரம் ஒருமுறை மயிலிறகால் துடைத்ததும் அவர். அந்தக் காகிதம் இல்லையென்றால் தட்டு எந்தப் படத்தினுடையது என்பதற்கே சாட்சி இல்லை, கறுப்பு வட்டம் ஒன்று சுற்றுகிறது என்றுதான் எவனும் சொல்வான் என்பார்.

செலஸ்தினா ஒவ்வொரு ஞாயிறும் வந்தார், முதல் பக்கத்தை முழுதாகக் கேட்டார். இசை கடலுக்கு முந்தையதை எட்டியபோது, தாம் எதிர்பார்ப்பது அந்தத் திசையில் இல்லை என்பது அவருக்கு ஐயமில்லாமல் தெரிந்துவிட்டது. அவர் பாடியது கதையின் முடிவில். முடிவு இருப்பது இரண்டாம் பக்கத்தின் நடுவில். நடுவில் இடம் இல்லை, காகிதம் இருந்தது.

ஒரு நாள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டபோது, தட்டின் நடுவை அவர் குனிந்து பார்த்தார். தட்டை அச்சிடும்போதே சேர்த்து அழுத்தப்படுவது அந்தக் காகிதம்; தானாகப் பிரியாது. அது ஓர் ஓரத்தில், நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. மேலே விரலை வைத்தார். காகிதத்துக்கு அடியில், மிக நுண்ணிய வரிவரியாக, ஏதோ புடைத்திருந்தது. வட்டம் வெளியே வளர்ந்தால் உள்ளேயும் வளரும் என்று எந்த வடிவியலும் சொல்வதில்லை. இருந்தாலும் விரல் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார்.

"கஸ்பார், இந்தக் காயிதத்த எடுக்கணும்."

கஸ்பாரின் கையிலிருந்த மயிலிறகு அப்படியே நின்றது. "எந்தக் காயிதத்த?"

"இதத்தான். கீழ கோடு இருக்கு."

"மைனி, நீங்க படிச்சவிய. லேபிளக் கிழிச்ச தட்ட இந்தியாவுல எவனும் தொடமாட்டான்."

"நான் விக்கப்போறதில்ல. கேக்கப்போறேன்."

"அதக் கிழிச்சா வளர்றது நின்னுட்டுன்னா? கல்யாணம் நிக்கும், ஏலம் நிக்கும். தெருவுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

"எந் தட்டுன்னு சொல்லும்."

பேச்சு தெருவுக்குப் போயிற்று. அடுத்த நாள் மாலை ஐஸ் கூடத்தில், தட்டைச் சுற்றிக் கயிற்றுக்கு வெளியே எல்லாரும் கூடினார்கள். நின்றுவிடும் என்று சிலர், நிற்காது என்று சிலர், நின்றால்தான் என்ன, கூடம் கொள்ளாமல் போனால் கடலிலா போய் வைப்பது என்று லியோன் ஓடாவி. சாமியார் பொதுவாக ஏதோ சொன்னார். இன்னாசியம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"டீச்சரக்கா, கோவிச்சுக்கிடாதிய. நீங்க பாடினேன்னு நாங்க சின்னப் புள்ளையா இருக்கும்போதே சொல்லுதிய. பாடி, அது இல்லாமயும் போயிட்டு. இப்போ தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?"

"ஒண்ணும் ஆவாது," என்றார் செலஸ்தினா.

"பின்ன?"

"ஒரு விடைத்தாள எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். யாரோ வாங்கி வச்சுக்கிட்டாங்க. மார்க் எவ்வளவுன்னு தெரியணும். பூஜ்யமா இருந்தாலும் சரி."

கூட்டத்தில் யாரோ, "பாஸ்தான் போடுங்களேன்யா, பாவம்," என்று சொல்ல, பலர் சிரித்தார்கள். செலஸ்தினா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, சொன்னவரைப் பார்த்தார். டீச்சர் கண்டித்து வளர்ந்த பெண்களின் பிள்ளைகள் கூட்டத்தில் பாதிப் பேர். சிரிப்பு தானாக அடங்கிற்று. தட்டின் நடுவில் கை வைப்பதில்லை என்று அன்றைக்குத் தீர்மானமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தெருவே போயிருந்த நேரத்தில் அவர் ஐஸ் கூடத்துக்குப் போனார். இரண்டாம் பக்கம் மேலாகக் கிடந்த தட்டைச் சுற்றியிருந்த கயிற்றைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, வழவழப்பான விளிம்பின் மேல் முழங்காலிட்டு நகர்ந்து நடுவுக்குச் சென்றார். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காகிதத்தின் மேல் வைத்து, அது ஊறும்வரை காத்திருந்து, தூக்கியிருந்த ஓரத்தில் தொடங்கி, பிள்ளையின் காயத்தில் ஒட்டிய பஞ்சை எடுப்பதைப்போல் சுற்றிச் சுற்றி எடுத்தார். காகிதம் கிழியவில்லை. அதை வெளியே கொண்டுபோய் இன்னாசியம்மாவின் கருவாட்டுக் கொடியில், இரண்டு கிளிப் போட்டுக் காயவைத்தார். காகிதம் இருந்த இடத்தில், நடுத்துளை வரைக்கும், மயிரிழைக் கோடுகள் நெருக்கமாகப் படர்ந்திருந்தன. பூசை முடிந்து மணி அடிக்கும் ஓசை கேட்டதும் மோட்டாரைப் போட்டு, பழைய கோடுகள் தொடங்கும் இடத்தில் ஊசியை இறக்கிவிட்டு, தம்முடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் கஸ்பார். கொடியில் தொங்கியதை வரும் வழியிலேயே பார்த்திருந்தார். அவர் முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. நேரே ஊசிக் கையை நோக்கிப் போனவர், கயிற்றருகே நின்றார். ஊசி தட்டில் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் முதல் துண்டு, அந்நியன் கரையொதுங்கும் துண்டு, ஓடிக்கொண்டிருந்தது.

"எடும்," என்றார் செலஸ்தினா. "நீரு வச்ச விதி. நீரே எடும்."

கஸ்பார் எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் கூடம் நிறைந்தது. என்ன, ஏது என்று கேட்டவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொல்ல, கொடியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மற்றவர்களை அனுப்ப, ஊசி மட்டும் தன் பாட்டுக்கு வட்டமிட்டு நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"என்னடே சும்மா நிக்கிய? எடுங்களேன்," என்றான் ஏலக்கார மரியான்.

"ஊசி தட்டு மேல இருக்குலா," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"தெரியுது. அதான் எடுங்கங்கேன்."

"எனக்கு நெஞ்சு வலிச்சப்பவே எடுக்கல," என்றார் லியோன் ஓடாவி. "இப்போ எடுத்தியன்னா நல்லா இருக்காது."

அந்நியன் கரையொதுங்கினான், காவலனும் அவனும் மோதினார்கள், புயல் வந்தது, காவலன் நீந்திக் கரையேறினான். வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து முடித்தன. வழக்கமாக ஊசி அங்கே காகிதத்தின் கரையில் இடித்து நிற்கும். அன்று நிற்கவில்லை. சிறிது நேரம் வெறும் இரைச்சல் கேட்டது. பிறகு அடித்தொண்டையில் செல்லோக்கள் இரண்டு நீளமாக இழுத்தன, அவற்றின் மேல் ஒரு பெண் குரல் புறப்பட்டது.

சொற்கள் இல்லாத குரல். இளமையான, கொஞ்சம் பயந்த, மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்த குரல். முதல் அடியில் அது விளக்கறையில் நின்றது. இரண்டாம் அடியில் படிகளைக் கீழே பார்த்தது. பிறகு இறங்கத் தொடங்கிற்று. தெருவில் யாரும் அதற்கு முன் பார்த்திராத சுழல்படிகளை அன்று எல்லாரும் பார்த்தார்கள். இன்னாசியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செலஸ்தினா முழங்கால் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, வேறொருவரின் மாணவியைத் தேர்வில் மதிப்பிடுபவரைப்போல் கேட்டார். நான்காம் அடியில் குரல் கடைசிப் படிக்கு வந்து நின்றது. செல்லோக்களும் நின்றன.

இரைச்சலுக்கு நடுவில், தொலைவில் ஒரு கதவு திறந்தது. ஒலிப்பதிவு செய்தவராக இருக்க வேண்டும், ஓர் ஆண் குரல், "சார், அந்தக் கடைசி அடி..." என்றது.

"தெரியுது," என்றது இன்னொரு குரல். மெல்லிய, களைத்த குரல். "இருக்கட்டும். சாயந்தரம் ரயிலுக்குப் போற பொண்ணு. அதுகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

ஊசி நடுத்துளையில் நின்ற உலோகக் கம்பியில் போய் முட்டி, ஒரே இடத்தில் டக்டக்கென்று தட்டியது. லியோன் ஓடாவி மோட்டாரை நிறுத்தினார்.

முதலில் யார் கைதட்டினார்கள் என்று தெரியவில்லை. பிறகு கூடமே தட்டிற்று. சினிமாவில் பாடிய டீச்சர் என்று பின்னால் நின்று சிரித்தவர்களெல்லாம் முன்னால் வந்து, என்ன குரல், தேன்தான், அவனுக்குக் காது செவிடு, கொண்டுபோய் வெட்டியிருக்கிறானே என்று சொன்னார்கள். சாமியார் ஆசீர் கொடுத்தார். இன்னாசியம்மா அழுதுகொண்டே செலஸ்தினாவின் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் விரலை மடக்கித் திருஷ்டி கழித்தாள்.

செலஸ்தினா எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் அடங்கிய பிறகு, "சொல்லியிருக்கலாம்," என்றார்.

"யாரு டீச்சரக்கா?"

"அவருதான். சொல்லியிருந்தா இன்னொரு தடவ பாடியிருப்பேன். அடுத்த ரயிலுக்குப் போயிருப்பேன்." கூட்டத்தை ஒருமுறை வரிசை வரிசையாகப் பார்த்தார். "உங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்த கேக்கணும்? அருமையா இருந்துச்சுக்கா," என்றாள் இன்னாசியம்மா.

"ஒரு குத்தமும் இல்ல டீச்சர்," என்றான் மரியான்.

ஆமாம், ஆமாம் என்றார்கள் எல்லாரும். செலஸ்தினாவின் முகம் மெல்ல மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் ஆடிய தலையைப் பார்த்த அன்றும் அது அப்படித்தான் மூடியிருக்கும்.

கஸ்பார் மட்டும் கைதட்டவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காகிதம் போன தட்டின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோபம் தணிந்திருக்கவில்லை. அதைத் தணிக்கும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மரியான் அவர் தோளைத் தட்டி, "என்ன அண்ணே, மைனிய ஒரு வார்த்த பாராட்டுறது?" என்றான்.

"நாலாவது அடியில சுருதி இறங்கிட்டு," என்றார் கஸ்பார்.

கூடம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஏய்யா, ஒமக்கு மனசாட்சி இருக்கா?" என்றாள் இன்னாசியம்மா.

"காது இருக்கு. இறங்கிட்டுன்னா இறங்கிட்டுதான். லேபிளும் போச்சு, சுருதியும் போச்சு."

செலஸ்தினா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு?"

"கால் சுரம் இருக்கும். அதுக்கு மேல இல்ல. ஆனா இறங்கிட்டு."

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செலஸ்தினா அந்தத் தெருவில் இருந்தார். அவருடைய பாட்டில் ஒருவர் குறை கண்டது அதுவே முதல் முறை. குறை காண்பதற்கு முன்னால் அதைக் கேட்டிருக்க வேண்டும், முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். செலஸ்தினா கண்ணை மூடி, படிகளில் இன்னொரு முறை மேலேயிருந்து இறங்கிப் பார்த்தார். எங்கே கால் வழுக்குகிறது என்று ஒவ்வொரு படியாக நின்று பார்த்தார்.

"நாலாவதுல இல்ல கஸ்பார்," என்றார். "மூணாவதோட முடிவுலயே ஆரம்பிச்சிட்டு. நாலாவதுலதான் வெளிய தெரியுது."

கஸ்பார் தலையைக் குனிந்து, உதடு அசையாமல் தமக்குள் அந்த அடியை ஓட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று. கூடம் முழுவதும், கைதட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவருக்காகக் காத்திருந்தது.

"ஆமா மைனி," என்றார். "மூணாவதுலயே."